டிராக்டர் ஜெனரேட்டர்

தனி எஞ்சின் இல்லாமல், டிராக்டரின் பின்புறமுள்ள பி.டி.ஓ. தண்டிலிருந்து விசை பெற்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர். 2018 நவம்பரில் கஜா புயல் மின்கம்பங்களைச் சாய்த்தபோது டெல்டா கிராமங்கள் பல வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. டிராக்டர் வைத்திருக்கும் வீட்டுக்கு அப்படிப்பட்ட நாட்களில் இது பெருந்துணை.

வாங்குமுன் பார்க்க வேண்டியது எஞ்சினின் குதிரைத்திறனை அல்ல, பி.டி.ஓ. தண்டில் கிடைக்கும் திறனை. 1 கிலோவாட்டுக்குச் சுமார் 2 குதிரைத்திறன் என்பது நடைமுறைக் கணக்கு. விளக்கு, மின்விசிறி, ஃப்ரிட்ஜுக்குச் சிறியதே போதும். கிணற்று மோட்டார்தான் கணக்கை மாற்றுகிறது. நேரடியாக ஸ்டார்ட் செய்யும் கணத்தில் அது வழக்கத்தைப் போல் 5 முதல் 7 மடங்கு மின்னோட்டம் இழுக்கும்.

தண்டு சுற்றுவது பொதுவாக நிமிடத்துக்கு 540 முறை. நான்கு துருவ ஆல்டர்னேட்டருக்கு வேண்டியது 1500. இந்த வித்தியாசத்தை கியர்பாக்ஸோ பெல்ட்டோ சரிக்கட்டுகிறது. வேகம் சரியா என்று அறிய, ஹெர்ட்ஸ் மீட்டர் உள்ளதையே வாங்க வேண்டும். முள் 50இல் நிற்கும்படி கை த்ராட்டிலை வைப்பதுதான் சரியான முறை.

சேஞ்ச் ஓவர் சுவிட்ச் கட்டாயம். அது இல்லாமல் வீட்டு வயரிங்கில் இணைத்தால் மின்சாரம் வெளிக்கம்பிக்குப் பாய்ந்து, லைன் சீரமைக்கும் ஊழியரின் உயிரைப் பறிக்கும். சுழலும் தண்டுக்கு உறையும் அவ்வளவு அவசியம். தோளில் கிடக்கும் துண்டின் நுனி சிக்கினாலே ஆளை இழுத்துவிடும்.