ஜிஜேபி2 மரபணுவும் பிறவிக் காதுகேளாமையும்

ஜிஜேபி2 என்பது 13ஆம் குரோமோசோமில் உள்ள சிறு மரபணு. உட்செவியின் துணைச்செல்களுக்கிடையே வாயில்களாக அமையும் கனெக்சின் 26 புரதம் இதிலிருந்து உருவாகிறது. தாய்வழியும் தந்தைவழியும் பழுதான படி வந்துசேர்ந்த குழந்தை பெரும்பாலும் காதுகேளாமல் பிறக்கிறது. ஒரு படி மட்டும் பழுதான பெற்றோருக்குப் பொதுவாகக் குறை தெரிவதில்லை. பொட்டாசியம் அயனிகளின் சுழற்சி தடைப்படுவதே காதுகேளாமைக்குக் காரணம் என்ற பழைய விளக்கத்தை எலிகளில் நடந்த பிற்கால ஆய்வுகள் முழுதாக ஆதரிக்கவில்லை.

உறவுமுறைத் திருமணத்துக்கும் பிறவிச் செவிட்டுத்தன்மைக்கும் உள்ள தொடர்பை டப்ளின் காது மருத்துவர் வில்லியம் வைல்டு (எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டின் தந்தை) 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே குறித்தார். 1994இல் துனீசியக் குடும்பங்களின் வழியே காரணமான மரபணுவின் குரோமோசோம் இடம் தெரியவந்தது.

1997இல் டேவிட் கெல்செல் குழுவினர் மரபணுவையே அடையாளம் கண்டனர். அடுத்த சில ஆண்டுகளில், மக்கள்குழுவுக்கு ஒன்றாக வெவ்வேறு சடுதிமாற்றங்கள் வெளிப்பட்டன. ஐரோப்பாவில் 35டெல்ஜி முதன்மையானது. தென் ஐரோப்பியரில் ஏறத்தாழ 35 பேருக்கு ஒருவர் இதைச் சுமப்பதாக ஒரு கணக்கு. ஆறு குவானின்கள் அடுத்தடுத்து நிற்கும் இடத்தில் ஒன்று விடுபடுவதால், இது திரும்பத் திரும்பத் தானே தோன்றும் பிழை என்று முதலில் கருதினர். அருகிலுள்ள மரபுக்குறிகள் ஒத்திருப்பது பொது மூதாதையரையே சுட்டுகிறது என்ற கருத்து பின்னர் வலுத்தது. சீனா, ஜப்பான், கொரியாவில் 235டெல்சி மிகுதி. அஷ்கெனாசி யூதர்களிடம் 167டெல்டி. கானாவின் அடமொரோபே கிராமத்தில் ஆர்143டபிள்யூ காணப்படுகிறது. அங்கே தனிச் சைகைமொழியே வழங்குகிறது, காது கேட்பவர்களும் அதில் பேசுவார்கள்.

இந்தியாவில் பரவலானது டபிள்யூ24எக்ஸ்; தமிழ்நாட்டு நோயாளிகளிடமும் இதுவே மிகுதி. 226 அமினோ அமிலங்கள் கொண்டிருக்கவேண்டிய புரதம் இதனால் 23உடன் முடிந்துவிடுகிறது. கெல்செல் குழுவினரின் ஆய்வில் ஒரு பாகிஸ்தானியக் குடும்பத்தில் கண்ட இம்மாற்றம் ஸ்லோவாக்கியா, ஸ்பெயின் நாட்டு ரோமா மக்களிடமும் கிடைத்தது. ரோமாக்களின் முன்னோர் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்குமுன் இந்தியாவிலிருந்து சென்றவர்கள் என்ற மொழியியலாரின் முடிவோடு இது பொருந்துகிறது. இம்மாற்றத்தின் வயது குறித்த மதிப்பீடுகள் உறுதியானவை அல்ல.

ஜிஜேபி2இன் மற்றொரு மாற்றமான எம்34டி நோய் தருவதா என்பது நெடுங்காலம் சர்ச்சைக்குரியதாக இருந்தது. லேசான குறைபாடு தரும் ஒடுங்கு மாற்றமாக இன்று பெரும்பாலோர் ஏற்கின்றனர்.

கேள்நரம்பு பொதுவாகக் கெடாததால் காக்ளியர் இம்பிளாண்ட் ஜிஜேபி2 பழுதால் காதுகேளாதவர்களுக்கு நன்கு பயன்படுகிறது. ஓட்டோஃப் என்ற வேறொரு மரபணுவின் பழுதுக்கு மரபணுச் சிகிச்சை பெற்ற குழந்தைகளுக்குக் கேட்கும் திறன் வந்ததாக 2024இல் ஷாங்காய் மருத்துவர்கள் அறிவித்தனர். ஜிஜேபி2க்கான மரபணுச் சிகிச்சை விலங்குகளில் சோதிக்கப்பட்டுள்ளது.