நீக்கப்பட்டதும் நிலைத்ததும்: ஒரு விளையாட்டின் பாடவேறுபாடுகள்

ஜப்பானின் ஸ்குவேர் நிறுவனம் 1991 ஜூலையில் சூப்பர் ஃபேமிகாம் கருவிக்காக வெளியிட்ட 'ஃபைனல் ஃபேண்டசி 4', அதே ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் 'ஃபைனல் ஃபேண்டசி 2' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. இடைப்பட்ட இரண்டு விளையாட்டுகள் அங்கு வெளிவராமையே காரணம். மாறியது எண் மட்டுமன்று. நின்டெண்டோவின் அமெரிக்கக் கிளை சமயச் சொற்களை அனுமதிக்காத காலம் அது. 'ஹோலி' என்னும் மந்திரம் 'ஒயிட்' ஆயிற்று, பிரார்த்தனைக் கோபுரம் விருப்பக் கோபுரமாயிற்று.

எனினும் அம்மொழிபெயர்ப்பு இன்றளவும் பேசப்படுவது ஒரு வசைக்காக. முதிய மந்திரவாதி டெல்லா, தன் மகள் ஆன்னா யாரை நாடி வீட்டைவிட்டுச் சென்றாளோ அந்த இளவரசன் எட்வர்டை, தாக்குண்டு சிதைந்த கோட்டையில் காண்கிறார். மகளோ உயிர்பிரியும் நிலையில் கிடக்கிறாள். அவர் சீறும் சொல், 'ஸ்பூனி பார்ட்'. இதைப் பிழை என்போர் பலர், பிழையன்று. காதல் மயக்கத்தில் அறிவிழந்தவனைச் சுட்டும் 19ஆம் நூற்றாண்டு ஆங்கில வழக்கு 'ஸ்பூனி'. எட்வர்டு யாழிசைக்கும் பாணன், காதலன். பொருள் துல்லியமாகவே பொருந்துகிறது. வழுவியது காலம்: வழக்கொழிந்த சொல்லில் வெளிப்பட்ட தந்தையின் சினம், 1991இன் இளைஞர்களுக்கு நகைச்சுவையாயிற்று.

பின்வந்த பதிப்புகள் பழைய குறைகளைக் களைந்தன. 2001இல் பிளேஸ்டேஷன் பதிப்பில் எண் 4 மீண்டது. மூல விளையாட்டின் உருவாக்கத்தில் பங்கேற்ற டோகிட்டா தகாஷியின் இயக்கத்தில் 2007இல் வந்த முப்பரிமாண மறுவாக்கம், முன்பு இடமின்மையால் விடுபட்ட காட்சிகளையும் சேர்த்தது. அதன் ஆங்கில வடிவம் ஏறத்தாழ முழுவதும் புதிதாக எழுதப்பட்டது. அந்த வசை மட்டும் எழுத்து மாறாமல் அங்கேயே இருக்கிறது. அவ்விடத்தில் மூலபாடமாகக் கொள்ளப்பட்டது ஜப்பானியப் பிரதியன்று, விளையாடியோரின் நினைவு.