கொல்லிமலைக் காப்பியும் வறுவலும்

பைல் நாடு, நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில் உள்ள ஊராட்சிகளுள் ஒன்று. கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த கொல்லிமலையில், சுமார் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில், சில்வர் ஓக் மர நிழலில் மிளகுடன் சேர்த்து அராபிகா காப்பி பயிரிடப்படுகிறது. மலையாளி எனப்படும் பழங்குடியினரே இங்கு பெரும்பான்மையான சிறு விவசாயிகள். இக்காப்பியின் சுவை தனித்து அறியப்படாமல் இருந்ததற்கு வறுவலும் ஒரு காரணம்.

வறுவலும் சுவையும்

பச்சைக் கொட்டைக்குக் காப்பி மணம் கிடையாது. வெப்பம் 200 பாகை செல்சியசை நெருங்கும்போது கொட்டை முதல்முறை வெடிக்கும். அதன்பின் விரைவில் இறக்கினால் இளவறுவல். பழப் புளிப்பும் மலர் மணமும் தங்கும். மேலும் வறுத்தால் நடுவறுவல். புளிப்பு தணிந்து இனிப்பு தெரியும். சுமார் 225 பாகையில் இரண்டாம் வெடிப்பு நிகழும். அதைத் தாண்டியது கருவறுவல். எண்ணெய் கசியும், கசப்பும் புகை மணமும் ஓங்கும். இளவறுவலில் விளைந்த இடத்தின் சுவை தெரியும்; கருவறுவலில் எந்த மலைக் கொட்டையும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும்.

தமிழ்நாட்டுப் பழக்கம்

சேலம் ஆட்சியர் எம். டி. காக்பர்ன் 1820-களில் அருகிலுள்ள சேர்வராயன் மலையில் காப்பியை அறிமுகப்படுத்தினார். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அது தமிழர் வீடுகளில் பரவியது. பாலும் சர்க்கரையும் சேரும் வடிகாப்பியில் இளவறுவலின் நுண்சுவை அமுங்கிவிடும். எனவே அழுத்தமான வறுவலும், டிகாஷனுக்கு நிறமும் திண்மையும் தரும் சிக்கரியும் நிலைபெற்றன. சிக்கரி கலந்த தூளில் காப்பி குறைந்தது 51 விழுக்காடு இருக்க வேண்டும் என்பது இந்திய விதி.

பெயரற்ற கொட்டை

1942-ஆம் ஆண்டுக் காப்பிச் சட்டத்தின்கீழ் விளைச்சல் காப்பி வாரியத்தின் பொதுத் தொகுப்புக்குச் சென்றது. அங்கு கொட்டைகள் தரவாரியாகக் கலக்கப்பட்டன. கடைகளில் பீபெரி, பிளாண்டேஷன் ஏ என்ற தரப்பெயர்கள் வழங்கின. மலையின் பெயர் வழங்கவில்லை. 1990-களில் இம்முறை படிப்படியாகத் தளர்ந்து, 1996-இல் எல்லா விவசாயிகளும் தாமே விற்கும் உரிமை பெற்றனர்.

இன்றைய நிலை

2019-இல் குடகு, வயநாடு, சிக்கமகளூரு, அரக்கு, பாபாபுடன்கிரி ஆகிய ஐந்து பகுதிக் காப்பிகள் புவிசார் குறியீடு பெற்றன. அப்பட்டியலில் தமிழ்நாட்டு மலை எதுவும் இல்லை.

வறுவலின் தேர்வு விவசாயியின் வருவாயையும் தொடுகிறது. பழுத்த பழத்தை மட்டும் பறித்து, தோல் நீக்கி, பக்குவமாக உலர்த்தும் உழைப்பு கருவறுவலில் மறைந்துவிடும். அதற்குத் தனி விலை கிடைப்பது அரிது. இளவறுவலும் நடுவறுவலும் அந்த உழைப்பை வெளிக்காட்டும். காய்ப்பறிப்பு, அதிகப் புளிப்பேறல் போன்ற குறைகளையும் அவை மறைப்பதில்லை. ஆகவே, மலையின் பெயரால் காப்பி விற்க வேண்டுமெனில் பறிப்பும் வறுவலும் ஒருசேரத் திருந்த வேண்டும்.