நிரந்தரமா, குறிப்பிட்ட காலமா, ஆலோசகரா? நெய்வேலி, பண்ருட்டி பகுதியில் ஹெச்.ஆர். வேலை தேடுவோர் கவனிக்க வேண்டியவை

1956-ல் என்.எல்.சி. தொடங்கப்பட்டதிலிருந்து, பண்ருட்டி, நெய்வேலி சுற்றுவட்டாரத்தில் வேலை என்றாலே அடுத்த கேள்வி, "பெர்மனென்ட்டா, காண்ட்ராக்ட்டா?" என்பதுதான். பணி நிரந்தரம் கேட்டு ஒப்பந்தத் தொழிலாளர்கள் பலமுறை போராடியுள்ளனர். 2023-லும் வேலைநிறுத்தம் நடந்தது. எம்.பி.ஏ., எம்.எஸ்.டபிள்யூ. முடித்து மனிதவளத் துறைக்குப் போகிறவர்களுக்கும் இதே கேள்விதான். ஆனால் சட்டம் அவர்களை வேறு மாதிரி பார்க்கிறது.

என்ன வித்தியாசம்?

தமிழ்நாட்டின் 1981-ம் ஆண்டுச் சட்டப்படி, 24 மாதங்களில் 480 நாட்கள் வேலை செய்த தொழிலாளி நிரந்தரம் கோரலாம். ஆனால் நிர்வாகப் பணியில் இருப்பவர் இதில் 'தொழிலாளி' ஆக மாட்டார். ஹெச்.ஆர். மேனேஜருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. அவருக்கு நியமனக் கடிதத்தில் எழுதியிருப்பதுதான் பெரும்பாலும் கணக்கு.

நிரந்தரப் பணி

பி.எஃப்., விடுப்பு, மருத்துவ வசதி, வங்கிக் கடன் எல்லாம் எளிது. பொதுத்துறையில் முறையான தேர்வு வழியாக மட்டுமே நுழைய முடியும். "சில வருஷம் உள்ளே இருந்தா பெர்மனென்ட் ஆக்கிடுவாங்க" என்று நம்ப வேண்டாம். அப்படிக் கோர உரிமை இல்லை என்று 2006-ல் உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

குறிப்பிட்ட காலப் பணி

ஒருவர் மகப்பேறு விடுப்பில் போகும்போதோ, புதிய திட்டம் தொடங்கும்போதோ ஓரிரு ஆண்டுகளுக்கு ஆள் எடுப்பார்கள். 2025 நவம்பர் 21-ல் அமலான தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, இவர்களுக்கு ஓராண்டு முடிந்தாலே கிராஜுவிட்டி உண்டு. நிரந்தரப் பணியாளருக்கு பொதுவாக 5 ஆண்டுகள் தேவை. அடிப்படைச் சம்பளம் 26,000 ரூபாய் என்றால், 2 ஆண்டு முடித்தவருக்கு 30,000 ரூபாய் கிடைக்கும். ஆனால் தேதி முடிந்தால் வேலையும் முடிந்தது. ஆட்குறைப்பு இழப்பீடு கேட்க முடியாது.

ஆலோசகர்

இங்கே சம்பளம் இல்லை, கட்டணம்தான். பொதுவாக 10% டி.டி.எஸ். பிடிப்பார்கள். ஆண்டு வருமானம் 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவும் தேவை. பி.எஃப்., கிராஜுவிட்டி, விடுப்பு எதுவும் கிடையாது. அதனால் பழைய சம்பளத்தையே கட்டணமாகக் கேட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான். பி.எஃப்.-ல் நிறுவனத்தின் பங்கு 12%, கிராஜுவிட்டிக்கு சுமார் 4.8%, அதோடு விடுப்பு, காப்பீடு எல்லாவற்றையும் சேர்த்துக் கேளுங்கள்.

யாருக்கு எது?

புதிதாக வருபவர்களுக்கு நிரந்தரப் பணி நல்லது. புதிய தொகுப்பில், 250 பேர் வேலை செய்யும் ஆலை, சுரங்கங்களிலேயே தொழிலாளர் நல அலுவலர் இருக்க வேண்டும். முன்பு இது 500 பேராக இருந்தது. அது கிடைக்காதவர்கள், கற்றுக்கொள்ள வழியிருந்தால் குறிப்பிட்ட காலப் பணியில் சேரலாம். ஆலோசகர் பணி, அனுபவமும் தொடர்புகளும் உள்ளவர்களுக்கும் ஓய்வு பெற்றவர்களுக்கும் பொருந்தும். பண்ருட்டி முந்திரி ஆலைகள் போன்ற சிறு நிறுவனங்களுக்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ. வேலையைப் பார்த்துத் தர ஆள் தேவைப்படும்.

கையெழுத்துக்கு முன்...

நியமனக் கடிதம் தருவது நிறுவனமா, இடையில் உள்ள ஏஜென்சியா? முடியும் தேதி என்ன? எத்தனை நாள் நோட்டீஸ்? பி.எஃப். யார் கட்டுகிறார்? இந்த நான்குக்கும் பதில் எழுத்தில் இருக்கட்டும். வாய்வார்த்தையாகச் சொன்ன நிரந்தரம் வழக்கில் நிற்காது.