மடிக்கணினி வன்தட்டுப் பழுது: பத்துமலையும் கிள்ளான் பள்ளத்தாக்கும்

கணினியில் கோப்புகளைக் காந்தப் பதிவாக வைத்திருக்கும் ஹார்ட் டிஸ்க், மெல்ல மெல்லவோ திடீரென்றோ படிக்க முடியாமல் போவதே வன்தட்டுப் பழுது. இப்போது விற்பனைக்கு வரும் மடிக்கணினிகள் பெரும்பாலும் சுழலும் தட்டில்லாத எஸ்.எஸ்.டி. கொண்டவை. ஆனாலும் சுழலும் தட்டுள்ள பழைய கணினிகளும் வெளி வன்தட்டுகளும் பத்துமலை, பிரிக்ஃபீல்ட்ஸ், கிள்ளான் வட்டாரங்களில் ஆலய அலுவலகங்களிலும் ஸ்டூடியோக்களிலும் வீடுகளிலும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. பழுதைக் கையாள்வதில் வரிசை முக்கியம். முதலில் படியெடுக்க வேண்டும், அதன் பிறகே சோதனை, எல்லாம் முடிந்தபின் பழுது பார்த்தல். நடைமுறையில் இது பெரும்பாலும் தலைகீழாகிவிடுகிறது. பிழைத்திருக்கக்கூடிய கோப்புகள் பல அழிவது அதனால்தான்.

அமைப்பு

ஐ.பி.எம். நிறுவனம் 1956இல் வெளியிட்ட முதல் வன்தட்டில் 24 அங்குல அகலமுள்ள 50 தட்டுகள் இருந்தன. அவை அனைத்தும் சேர்ந்து ஏறக்குறைய 50 லட்சம் எழுத்துகளைத்தான் தாங்கின. மடிக்கணினியில் இருப்பது 2.5 அங்குலத் தட்டு. பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் இதன் வெளிவிளிம்பு மணிக்கு 60 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் ஓடுகிறது. படிக்கும் முனை தட்டைத் தொடுவதில்லை. சில நானோமீட்டர் உயரத்தில் காற்றில் மிதக்கிறது. ஒரு தலைமுடியின் தடிப்பே பல்லாயிரம் நானோமீட்டர். முனை ஒருமுறை தட்டில் உரசினால் காந்தப் பூச்சு பெயர்ந்து துகளாகும். அந்தத் துகள் முனைக்கும் தட்டுக்கும் நடுவே சிக்கி அடுத்தடுத்த சுற்றுகளில் மேலும் கீறும். பழுதான தட்டை “கொஞ்சம் ஓடவிட்டுப் பார்ப்போம்” என்று விடுவது இதனால்தான் ஆபத்து.

சாதாரண மடிக்கணினித் தட்டு முழுவதும் அடைக்கப்பட்ட பெட்டி என்று பலர் எண்ணுகிறார்கள். அதன் மூடியில் காற்றழுத்தத்தைச் சமப்படுத்த வடிகட்டியுடன் ஒரு சிறு துளை உண்டு. தூசியை அந்த வடிகட்டி தடுக்கும், வெள்ள நீரைத் தடுக்காது.

இவ்வட்டாரக் காரணங்கள்

தைப்பூசத்தின்போது கோலாலம்பூர் துன் எச்.எஸ். லீ சாலையிலுள்ள ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து வெள்ளி ரதம் பத்துமலைக்குப் புறப்படும். இரவு முழுவதும் படமெடுப்பவர்களின் மெமரி கார்டு நிறைந்துவிடும். எங்காவது உட்கார்ந்து படங்களை மடிக்கணினிக்கு மாற்றி, கார்டை அழித்து, மறுபடியும் காவடிகளுக்கு நடுவே இறங்குவார்கள். அந்த நேரத்தில் அப்படங்கள் ஒரே ஒரு தட்டில்தான் இருக்கும். மூடியைச் சாத்தியதும் கணினியைப் பையில் போட்டுக்கொண்டு 272 படிகளில் ஏறுபவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை: மூடி சாத்தியபிறகும் தட்டு சில விநாடிகள் சுழலும்; கணினி உறக்க நிலைக்குப் போகாவிட்டால் சுழன்றுகொண்டே இருக்கும். ஓய்ந்திருக்கும் தட்டு தாங்கிக்கொள்ளும் அடியைச் சுழலும் தட்டு தாங்காது. விழுவதை உணர்ந்து முனையை ஒதுக்கும் வசதியை ஐ.பி.எம். தன் திங்க்பேட் கணினிகளில் 2003இல் கொண்டுவந்தது. பின்னர் வேறு நிறுவனங்களும் அதைச் சேர்த்தன. ஆனால் எல்லாக் கணினியிலும் அது கிடையாது. ஆகவே கணினியை முழுமையாக அணைத்துவிட்டே பையில் வைக்க வேண்டும்.

இடிமின்னல் இன்னொரு காரணம். உலகில் இடி மிகுந்த பகுதிகளில் கிள்ளான் பள்ளத்தாக்கும் ஒன்று. மாலை மழையில் மின்சாரம் எகிறினால் தட்டின் அடியிலுள்ள சுற்றுப்பலகை கருகக்கூடும்; உள்ளே இருக்கும் பதிவு பெரும்பாலும் நலமாகவே இருக்கும். அதே மாதிரித் தட்டின் பலகையைக் கழற்றி மாட்டினால் போதும் என்பது பழைய காலத்து வைத்தியம். இக்காலத் தட்டு ஒவ்வொன்றும் தனக்கே உரிய அளவீடுகளைத் தன் பலகையிலுள்ள சில்லில் வைத்திருக்கிறது. அதையும் பெயர்த்து மாற்றினால்தான் வேலை நடக்கும்.

வெயிலைத்தான் மக்கள் அதிகம் குறை சொல்கிறார்கள். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட தட்டுகளை ஆராய்ந்து கூகுள் பொறியாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வோ, மிக உயர்ந்த வெப்பம் நீங்கலாக, வெப்பத்துக்கும் பழுதுக்கும் வலுவான தொடர்பைக் காணவில்லை.

2021 டிசம்பர் 18இல் பெய்த பெருமழையில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா போன்ற குடியிருப்புகள் மூழ்கின. இப்படி வெள்ளத்தில் நனைந்த தட்டுக்கு மின்சாரம் கொடுத்துப் பார்க்கவே கூடாது. வெயிலில் காயவைப்பதும் அரிசிக்குள் புதைப்பதும் தவறு. ஈரம் வற்றினால் சேறும் உப்பும் தட்டின்மேல் ஒட்டிக்கொள்ளும். ஈரத்துணியில் சுற்றி, காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையிலிட்டு மீட்பு நிலையத்தில் சேர்ப்பதே முறை.

அறிகுறிகள்

கோப்புறையைத் திறக்க நிமிடக் கணக்கில் ஆவது, ஒரே கோப்பில் நகலெடுத்தல் நின்றுபோவது, பழைய படங்களில் பாதி சாம்பல் நிறமாகத் தெரிவது, கணினி அடிக்கடி உறைவது ஆகியவை தொடக்க நிலை அடையாளங்கள். ஒரே தாளத்தில் ‘டிக், டிக்’ என்ற ஒலி கேட்டால் முனை தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திணறுகிறது என்று பொருள். அந்த நொடியே மின்சாரத்தை நிறுத்த வேண்டும்.

வன்தட்டு தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் முறைக்கு ஸ்மார்ட் என்று பெயர். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவச மென்பொருள்கள் அதைக் காட்டும். கவனிக்க வேண்டியவை 5, 197, 198 ஆகிய எண்கள் கொண்ட வரிகள். இவை முறையே மாற்றிடம் கொடுக்கப்பட்ட பகுதிகள், சந்தேகத்தில் நிற்கும் பகுதிகள், படிக்கவே முடியாத பகுதிகள் ஆகியவற்றின் எண்ணிக்கை. மேற்சொன்ன கூகுள் ஆய்வில், மேற்பரப்புச் சோதனையில் முதல் பிழை காட்டிய தட்டு அடுத்த 60 நாள்களில் செயலிழக்கும் வாய்ப்பு, பிழை காட்டாத தட்டைவிட 39 மடங்காக இருந்தது. அதே ஆய்வில் செயலிழந்த தட்டுகளில் 56 விழுக்காட்டுக்கு மேல் முக்கியமான நான்கு எச்சரிக்கைகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை. ஸ்மார்ட் கெட்ட செய்தி சொன்னால் நம்பலாம். நல்ல செய்தி சொன்னால் நம்பி உறங்க வேண்டாம்.

மீட்பு

ஒலி இல்லாமல் மந்தமாக மட்டும் இருக்கும் தட்டை வீட்டிலேயே கையாளலாம். மறுபடி கிடைக்காதவற்றை முதலில் எடுக்க வேண்டும்: குடும்பப் படங்கள், கணக்குகள், கையெழுத்துப் படிகள். திரைப்படங்களையும் மென்பொருள்களையும் எங்கும் திரும்ப இறக்கிக்கொள்ளலாம். விண்டோஸின் ‘செக் டிஸ்க்’ கட்டளையை இந்த நிலையில் ஓட்டுவது பரவலான தவறு. அது கோப்பு அமைப்பை ஒழுங்குபடுத்த எழுதப்பட்டது, தட்டைக் காப்பாற்ற அல்ல; நலிந்த தட்டில் மணிக்கணக்காக எழுதி எழுதி மிச்சத்தையும் குலைத்துவிடும்.

விவரம் தெரிந்தவர்கள் தட்டைக் கழற்றி, லினக்ஸ் உள்ள வேறு கணினியில் பொருத்தி, அன்டோனியோ டியாஸ் டியாஸ் எழுதிய குனு டிடிரெஸ்க்யூ மென்பொருளால் முழுத்தட்டையும் படியெடுக்கிறார்கள். சாதாரண நகலெடுப்பு கெட்ட இடத்தில் முட்டி நின்றுவிடும். டிடிரெஸ்க்யூ அந்த இடத்தைக் குறிப்பேட்டில் பதிந்துவிட்டுத் தாண்டிப் போகும். நல்ல பகுதிகள் முழுவதும் பத்திரமானபின் கெட்ட இடங்களுக்குத் திரும்பிவரும். நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். படி கிடைத்தபின் அந்தப் படியின்மேல் டெஸ்ட் டிஸ்க், ஃபோட்டோரெக் போன்றவற்றை ஓட்டிக் கோப்புகளைத் தேடலாம். மூலத்தட்டை அதன்பின் தொடத் தேவையில்லை.

தட்டை ஃப்ரீசரில் வைக்கும் யோசனை இன்னும் உலவுகிறது. கோலாலம்பூர் ஈரப்பதத்தில் குளிர்ந்த தட்டை வெளியே எடுத்தால் தண்ணீர் முத்துமுத்தாகப் படியும்; அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. தட்டின் மூடியைத் திறப்பது தூசி புகாத தூய்மை அறை உள்ளவர்களின் வேலை.

கடைகளும் உரிமைகளும்

கோலாலம்பூரில் கணினிப் பழுது என்றதும் பலரும் போவது புக்கிட் பிந்தாங்கிலுள்ள லோயாட் பிளாசா. கணினி பழுதுபார்க்கும் கடைகள் எல்லாம் தரவு மீட்பு நிலையங்கள் அல்ல. பல கடைகள் மென்பொருளை ஓட்டிப் பார்த்துவிட்டு, முடியாவிட்டால் வேறொருவரிடம் அனுப்புகின்றன. தூய்மை அறை அவர்களுடையதா, மீளாவிட்டால் கட்டணம் உண்டா, பழைய தட்டைத் திருப்பித் தருவார்களா என்று கொடுப்பதற்கு முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. முனை மாற்ற வேண்டிய தட்டு என்றால் செலவு புதுத் தட்டின் விலையைப்போலப் பல மடங்கு ஆகும். பிட்லாக்கர் பூட்டு போடப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி இல்லாமல் யாராலும் ஒன்றும் செய்ய இயலாது.

உத்தரவாதம் என்பது புதுத் தட்டுக்குத்தான், உள்ளிருந்த கோப்புகளுக்கு அல்ல. உத்தரவாதத்தை மதிக்காத விற்பனையாளர்மீது பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலே மனுச் செய்யலாம். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இயங்கும் இம்மன்றத்தில் கோரக்கூடிய தொகையின் உச்சவரம்பு 2019இல் 25,000 ரிங்கிட்டிலிருந்து 50,000 ரிங்கிட்டாக உயர்ந்தது.

எஸ்.எஸ்.டி. ஒலியெழுப்பாது, கீழே விழுந்தாலும் பெரும்பாலும் தாங்கும். ஆனால் சாகும்போது சொல்லாமல் சாகும். அழித்த கோப்பை மீட்பதும் அதில் அரிது. அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரப்பிய விதி வன்தட்டு, எஸ்.எஸ்.டி. இரண்டுக்கும் பொருந்தும்: மூன்று படிகள், இருவகைச் சாதனங்கள், ஒன்று வேறிடத்தில். தைப்பூசப் படப்பிடிப்பாளருக்கு இதன் நடைமுறைப் பொருள், வீடு திரும்பி இரண்டாவது படி எடுக்கும்வரை கார்டை அழிக்காமல் இருப்பது.

பழைய தட்டுகள்

பெட்டாலிங் ஜெயாவில் நடத்திவந்த வன்தட்டுத் தொழிற்சாலையை 2019 இறுதிக்குள் மூடப்போவதாக வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் 2018 ஜூலையில் அறிவித்தது. வன்தட்டுக்கான தேவை குறைந்ததே காரணம். ஆயினும் சங்கங்களின் அலமாரிகளில் 1990களின் மடிக்கணினிகள் கிடக்கின்றன. அவற்றின் 44 முள் இணைப்புக்குத் தனி மாற்றி வாங்க வேண்டும். தட்டு படிக்கக் கிடைத்தாலும் வேறொரு சிக்கல் காத்திருக்கும். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் உருவாக்கிய முரசு அஞ்சலிலோ திஸ்கி, தாப், தாம் குறிமுறைகளிலோ தட்டச்சு செய்த மலர்களும் கூட்டக் குறிப்புகளும் இன்றைய யூனிகோடு கணினியில் ஐரோப்பிய எழுத்துக் குவியலாகத் தெரியும். கோப்பு கெட்டுவிட்டதென்று அவற்றை அழித்துவிட வேண்டாம்; குறிமுறை மாற்றிகள் கிடைக்கின்றன. பழைய தட்டைப் படியெடுக்கும்போது அதிலுள்ள எழுத்துருக் கோப்புறையையும் தவறாமல் சேர்த்து எடுத்துவையுங்கள்.