ஆடையற்ற உருவமும் இன்றைய ஓவியமும்

ஐரோப்பிய ஓவிய மரபில் ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் ஆடையற்ற மனித உருவமே ஓவியரின் தேர்ச்சிக்கு உரைகல்லாக விளங்கியது. கலைக்கழகத்தில் சேரும் மாணவன் முதலில் அச்சுப் படங்களைப் பார்த்து வரைவான். அடுத்துப் பழஞ்சிற்பங்களின் சுதை வார்ப்புகளை வரைவான். அதில் தேறிய பிறகே உயிருள்ள மாடலின் முன் அமர இடம் கிடைக்கும். எலும்பின் மீது தசை படியும் விதம், உடலின் பாரம் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறும் விதம் ஆகியவற்றை அங்கேதான் கற்றான். புராண, வரலாற்று ஓவியங்களே உயர்ந்தவை என்று போற்றப்பட்ட காலத்தில், இப்பயிற்சி பெறாதவருக்கு உயர்நிலை ஓவியர் என்ற தகுதி வாய்க்கவில்லை.

ஆடையற்ற உருவத்துக்கு இன்று அந்த இடம் இல்லை. 1915-இல் ரஷ்ய ஓவியர் மலேவிச் கறுப்புச் சதுரம் ஒன்றையே ஓவியமாகக் காட்சிக்கு வைத்தார். அரூப ஓவியம் வலுப்பெற்றதும் உடலை வரையும் திறன் விருப்பப் பாடமாகச் சுருங்கியது. உடலை உள்ளபடி பதிவுசெய்யும் வேலையை ஒளிப்படம் ஏற்றுக்கொண்டது. ஆயினும் இவற்றைவிட ஆழமான காரணங்கள் இரண்டு உண்டு. அவற்றைப் பிரித்துப் பார்ப்பது நம் கடமை.

முதல் காரணம் நீதி சார்ந்தது. லண்டன் ராயல் அகாடமி 1768-இல் தோன்றியபோது ஆஞ்செலிக்கா காஃப்மன், மேரி மோசர் என்ற இரு பெண்கள் அதன் நிறுவன உறுப்பினர்களாக இருந்தனர். ஆனால் அகாடமியினர் மாடலைச் சூழ்ந்திருப்பதாக ஓவியர் ஸோஃபனி தீட்டிய ஓவியத்தில் அவ்விருவரும் சுவரில் தொங்கும் உருவப்படங்களாக மட்டுமே இடம்பெற்றனர். மாடல் அறைக்குள் பெண்கள் நுழைவது அன்று முறையன்று. வரைபவர் ஆண், வரையப்படுபவர் பெண் என்ற அந்த ஏற்பாட்டை 1989-இல் 'கெரில்லா கேர்ள்ஸ்' என்ற பெண்ணியக் கலைஞர் குழுவின் சுவரொட்டி அம்பலப்படுத்தியது. நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தின் நவீனக் கலைப் பிரிவில் பெண் ஓவியர்கள் 5 விழுக்காட்டுக்கும் குறைவு. அங்குள்ள ஆடையற்ற உருவங்களிலோ 85 விழுக்காடு பெண்கள் என்றது அது.

யார் யாரை வரைகிறார் என்ற கேள்வி எழுந்தபின் பழைய வீனஸ்கள் வீழ்ந்தது நியாயமே. உடலை வரைவது அத்துடன் நின்றுவிடவில்லை. ஓவியர் ஆலிஸ் நீல் தம் எண்பதாம் வயதில், 1980-இல், தூரிகையைக் கையில் பிடித்து ஆடையின்றி அமர்ந்திருக்கும் தம்மையே தீட்டி முடித்தார். தளர்ந்த மார்பையும் சரிந்த வயிற்றையும் அவர் மறைக்கவில்லை. ஜென்னி சாவில் 1992-இல் தீட்டிய 'ப்ராப்ட்' ஓவியத்தில் பருத்த பெண்ணுடல் திரையை நிறைத்து நிற்கிறது. வரைபவரும் வரையப்படுபவரும் ஒருவரே ஆனபோது இக்கலைவடிவம் புது உயிர் பெற்றது.

இரண்டாம் காரணம் அச்சம். 1954-இல் மும்பையில் அக்பர் பதம்சீயின் 'காதலர்கள்' ஓவியங்களை அகற்றக் காவல்துறை கட்டளையிட்டது. அவர் மறுத்தார், கைதானார், நீதிமன்றத்தில் வென்றார். எழுபது ஆண்டுகள் கழிந்தும் நிலைமை மாறவில்லை. வெளிநாட்டில் ஏலத்தில் வாங்கப்பட்ட சூசா, பதம்சீ இருவரின் ஓவியங்களை மும்பைச் சுங்கத்துறை ஆபாசம் என்று பறிமுதல் செய்தது. ஆடையற்ற உருவ ஓவியம் எல்லாம் ஆபாசமாகிவிடாது என்று 2024-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் சொல்லித்தான் அவற்றை விடுவிக்க வேண்டியிருந்தது. சமூக ஊடகங்களின் தணிக்கையும் இதே அச்சத்தின் மறுவடிவம். ஓவியத்தையும் ஆபாசப் படத்தையும் பிரித்தறிய இயலாத அந்த ஏற்பாட்டுக்கு அஞ்சி, இளம் ஓவியர்கள் தாமே கையைக் கட்டிக்கொள்கிறார்கள்.

உடலை வரையும் பயிற்சியின் பயன் என்ன என்று ஐயுறுவோர் சென்னை மெரினாவில் 1959-இல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலையைப் பார்க்கட்டும். சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராயிருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்தது அது. பாறையை நெம்பும் நால்வரின் முதுகிலும் தொடையிலும் உழைப்பின் பாரம் தெரிகிறது. உடலை அணு அணுவாகக் கற்ற கைக்கே அது வசப்படும்.

எனவே பழைய பார்வை ஒழியட்டும். பயிற்சி ஒழிய வேண்டாம். நம் கவின்கலைக் கல்லூரிகள் மாடல் வகுப்பைக் கைவிடாமல் காக்க வேண்டும். அங்கே அமரும் மாடல்களுக்கு நல்ல ஊதியமும் பாதுகாப்பும் மரியாதையும் தர வேண்டும். மனித உடலை மதிப்போடு பார்க்கத் தெரிந்த தலைமுறையை உருவாக்குவது கலைக்கல்வியின் முதற்பணி.