தோலகட்டியின் திராட்சைப் பந்தல்

யாழ்ப்பாணத்து வைன் எண்டால் பலர் சிரிப்பினம். ஆனால் தெல்லிப்பழைக்குக் கிழக்கே, வசாவிளான் தோலகட்டியில் அதற்கு வரலாறு இருக்கு.

1928 இல் தோமஸ் அடிகளார் அங்கே செபமாலைத் தாசர் சபையைத் தொடங்கினார். மௌனம், செபம், உடலுழைப்பு; தனிச்சொத்து ஒருவருக்கும் இல்லை. அவர்களின் திராட்சை ரசமும் நெல்லி ரசமும் குடாநாடெங்கும் பெயர்பெற்றவை. கூட்டுறவு எண்ட பெயரில்லாத கூட்டுறவு அது.

எங்கட வெக்கையில் திராட்சை தானாக இலையுதிர்த்து உறங்காது. கவாத்துப் பண்ணினால்தான் புதுத் தளிரும் பூவும் வரும். பந்தலுக்கும் கிணற்றுத் தண்ணிக்கும் எப்பவும் ஆள் வேணும்.

1990 இல் வலிகாமம் வடக்கு சனம் இடம்பெயர்ந்தது. பெரும்பகுதி உயர் பாதுகாப்பு வலயமானது. பனை ஆளில்லாமலும் நிக்கும், திராட்சை நிக்காது. காணி விடுவிப்பை ஏக்கரில் மட்டும் எண்ணுகிறோம். அழிஞ்ச பந்தல்களை ஆர் எண்ணுறது?